காடு யாருடைய கைவேலை?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் வாசகம்)



தென் அமெரிக்காவிலுள்ள அமேஸான் காட்டைப் பற்றி இன்று பேசப் போகிறேன். உலகத்தின் மறுபக்கத்தில் இருக்கிற காட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. மரவள்ளிக் கிழங்கிலிருந்தே தொடங்குவோம்.

சேலம், நாமக்கல் பக்கத்துத் தோழர்களுக்கு மரவள்ளியைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. கிழங்கு பிடுங்கிப் பிடுங்கிக் காய்ப்பு ஏறிய கைகளை அவர்களிடம் பார்க்கலாம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது பர்மா அரிசி வராமல் நின்றுபோனது. அப்போது திருவிதாங்கூர் ஏழை ஜனங்களின் உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்குதான். ஆனால் மரவள்ளி நம் நாட்டுப் பயிரா? இல்லை. போர்த்துகீசியர் பிரேஸிலிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. அதன் சொந்த ஊர் அமேஸான் பிரதேசம்.

மரவள்ளியில் கசப்பு வகை ஒன்று உண்டு. அதை அப்படியே தின்றால் விஷம். அமேஸான் மக்கள் அந்தக் கிழங்கைத் துருவுகிறார்கள். பாம்புபோல் நீண்ட பின்னல் கூடையில் திணித்துப் பிழிகிறார்கள். சாற்றைப் போக்கிவிட்டு மாவை வறுக்கிறார்கள். விஷம் போய்விடுகிறது, உணவு நிற்கிறது. விஷக் கிழங்கை விருந்தாக்குவது சாமானிய வேலையல்ல. எத்தனை தலைமுறைப் பெண்கள் துருவியும் பிழிந்தும் சோதித்தும் பார்த்து அந்த வித்தையைக் கண்டிருக்க வேண்டும்! பொலிவியா நாட்டில் அமேஸான் ஓரமாக மோஹோஸ் என்ற சமவெளி இருக்கிறது. அங்கே சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே மரவள்ளி பயிரிடப்பட்டது என்று 2020-ல் விஞ்ஞானிகள் நிரூபித்தார்கள்.

இவ்வளவு செய்த மக்களைப் பற்றிப் புத்தகங்கள் நெடுங்காலம் என்ன சொல்லி வந்தன? காட்டில் அலைந்து திரிந்தார்கள், கிடைத்ததைத் தின்றார்கள், ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லி வந்தன. அமேஸான் மனிதன் கை படாத கன்னிக் காடு என்றும் எழுதின. இந்தப் பேச்சு உண்மையா? இதனால் யாருக்கு லாபம்? இவைதான் இன்றைக்கு நாம் பார்க்க வேண்டிய கேள்விகள்.

"மனிதரில்லாத நிலம்"

1970-ம் ஆண்டில் பிரேஸில் ராணுவ ஆட்சியின் கீழ் இருந்தது. அந்த ஆண்டு நாட்டின் வடகிழக்கில் கடுமையான வறட்சி. கூலி வேலை இல்லை, குடிக்கத் தண்ணீர் இல்லை. நிலமற்ற ஜனங்கள் பசியால் துடித்தார்கள். அங்கே நிலம் இல்லாமல் இல்லை. பெரும் பண்ணையார்களின் கையில் குவிந்து கிடந்தது. அதை எடுத்துப் பிரித்துக் கொடுக்க ராணுவ சர்க்கார் தயாராயில்லை. ஜனாதிபதி மெடிஸி வேறு வழி சொன்னார். அமேஸான் காட்டின் குறுக்கே நீண்ட சாலை போடுவோம். நிலமில்லாத மனிதர்களை மனிதரில்லாத நிலத்துக்கு அனுப்புவோம் என்றார். இதையே ஊரெங்கும் கோஷமாக்கினார்கள்.

கேட்பதற்கு இனிமையான கோஷந்தான். நிலமில்லாத மனிதர்கள் என்பது உண்மை. மனிதரில்லாத நிலம் என்பது பொய். அந்தச் சாலை போன வழியெல்லாம் பூர்வகுடி மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சாலையோடு நோய் வந்தது; மரக் கம்பெனியும் மாட்டுப் பண்ணையும் வந்தன. போய்க் குடியேறிய ஏழைகளாவது வாழ்ந்தார்களா? மரத்தை வெட்டிக் கொளுத்திய நிலத்தில் ஒன்றிரண்டு போகம் விளைந்தது. பிறகு மண் சத்தற்றுப் போனது. பலர் நிலத்தைப் போட்டுவிட்டுப் போனார்கள். ஆக, பண்ணையார் நிலத்தைக் காப்பாற்ற, ஒரு ஏழையை இன்னொரு ஏழையின் வீட்டுக்குள் தள்ளிவிட்டார்கள்.

பாதிரியார் கண்ட காட்சி

அமேஸான் எப்போதும் காலியாகவா இருந்தது? முதல் சாட்சி ஒரு ஸ்பானிஷ் பாதிரியார். பெயர் கஸ்பார் தெ கார்வஹால். 1541-42-ல் ஒரெல்லானா என்ற ஸ்பானிஷ் தளபதி படகில் அமேஸான் நதி முழுவதும் இறங்கிக் கடலை அடைந்தான். ஐரோப்பியரில் முதன்முதலாக அந்த நதியின் முழு நீளமும் போனது அந்தக் கூட்டந்தான். கூடவே போன கார்வஹால், கண்டதை எழுதி வைத்தார்.

நதிக்கரையில் வீட்டோடு வீடு ஒட்டி மைல் கணக்கில் நீண்ட ஊர்களைப் பார்த்ததாக எழுதினார். உள்நாட்டுக்குப் போகும் நல்ல பாதைகளைக் கண்டார். ஸ்பெயினில் பேர் போன மலாகா நகரத்துப் பாண்டங்களையும் மிஞ்சும் மண்பாண்டங்களைக் கண்டார். அவர் பூர்வகுடிகளின் சிநேகிதரல்ல. அந்தப் பயணத்தில் அம்பு பட்டு ஒரு கண்ணை இழந்தவர். அப்படிப்பட்டவர் அவர்களை உயர்த்திச் சொல்ல வேண்டிய அவசியம் என்ன?

ஆனாலும் பிற்காலத்து அறிஞர்கள் அவரை நம்பவில்லை. அவர்கள் போய்ப் பார்த்தபோது ஊர்களும் இல்லை, பாதைகளும் இல்லை, காடுதான் இருந்தது. பாதிரியார் கதை கட்டினார் என்றார்கள். 1971-ல் பெட்டி மெகர்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு நூலில் இதற்கு விஞ்ஞானக் காரணமும் சொன்னார். அமேஸான் பார்ப்பதற்குத்தான் பச்சை; அடியில் இருப்பது ஏழை மண்; அதில் பெரிய ஜனத்தொகை வாழ முடியாது என்பது அவர் வாதம்.

மண்ணைப் பற்றி அவர் சொன்னதில் உண்மை உண்டு. அங்கே சராசரியாக ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. சத்தெல்லாம் அலசிப் போய்விடுகிறது. பெரும்பகுதி புளித்த செம்மண், மஞ்சள் மண். சத்து மரத்திலும் உதிர்ந்த சருகிலும்தான் நிற்கிறது. மரத்தை அழித்தால் சத்தும் போய்விடும். அப்படியானால் பாதிரியார் கண்ட ஜனங்கள் எதைத் தின்று வாழ்ந்தார்கள்? இதற்கு அந்த மண்ணே பதில் சொன்னது.

மண் சொன்ன சாட்சி

அமேஸான் பிரதேசத்தில் செம்மண்ணுக்கு நடுவே அங்கங்கே கன்னங்கரேலென்று ஒரு மண் திட்டுத் திட்டாகக் கிடக்கிறது. அந்த ஊர் விவசாயிகள் அதை 'இந்தியர்களின் கறுப்பு மண்' என்று அழைக்கிறார்கள். அங்கே இந்தியர் என்றால் பூர்வகுடி மக்கள் என்று பொருள். நம் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் இயற்கையாக உண்டானது. இது அப்படியல்ல. வெட்டிப் பார்த்தால் கரித்துண்டு, உடைந்த பானை ஓடு, மீன் முள், மிருக எலும்பு எல்லாம் கலந்து கிடக்கும். சில இடங்களில் ஆறடி ஆழம்வரை இந்த மண் இருக்கிறது. பெரும்பாலானவை 2,500 ஆண்டுகளுக்கு உட்பட்டவை. அதைவிடப் பழையவையும் உண்டு.

இது எப்படி உண்டாயிற்று? குடியிருப்பைச் சுற்றிச் சாம்பலும் கரியும் கிழங்குத் தோலும் மீன் கழிவும் கொட்டினார்கள். ஆண்டுக்கணக்கில், தலைமுறைக் கணக்கில் கொட்டினார்கள். எரு போடுகிற விவசாயிக்கு இது புரியும். ஆனால் வெறும் எருவானால் அந்த மழையில் சில ஆண்டுகளில் கரைந்து போயிருக்கும். இங்கே விசேஷம் கரிதான். கரித்துண்டில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். அது எளிதில் மக்காது. சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுக்கிறது. செய்தவர்கள் செத்துப் பல நூற்றாண்டுகள் ஆன பிறகும் அந்த மண் விளைகிறது. விவசாயிகள் அதைத் தேடிப் போய்ப் பயிரிடுகிறார்கள்.

"குப்பை கொட்டியது தற்செயல், மண்ணை வளமாக்க வேண்டுமென்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்" என்று சிலர் இழுத்தார்கள். பிரேஸிலில் ஷிங்கு ஆற்றின் மேற்பகுதியில் குய்குரோ என்ற மக்கள் வாழ்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேட்டபோது விஷயம் தெளிவாயிற்று. அவர்கள் இன்றும் அப்படித்தான் மண்ணைச் செய்கிறார்கள். அந்த மண்ணுக்குத் தங்கள் பாஷையில் 'ஈகெப்பே' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்யும் மண்ணையும் அதே பகுதியின் பழைய கறுப்பு மண்ணையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி 2023-ல் வெளிவந்தது. இரண்டும் ஒத்துப்போயின. தெரிந்தே, திட்டமிட்டே செய்த வேலை இது.

மரங்களின் கணக்கு

மண்ணோடு நிற்கவில்லை. மரங்களையும் கணக்கெடுத்தார்கள். அமேஸானில் சுமார் 16,000 மர வகைகள் இருக்கலாம் என்றும், மொத்தம் 39,000 கோடி மரங்கள் நிற்கலாம் என்றும் 2013-ல் மதிப்பிட்டார்கள். ஒரு வியப்பு என்னவென்றால், இதில் வெறும் 227 வகைகள்தான் மொத்த மரங்களில் பாதி. ஏன் இந்தச் சில வகைகள் மட்டும் இவ்வளவு பெருகின?

2017-ல் கரோலினா லெவிஸ் என்ற பிரேஸில் பெண் விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் இதற்கு ஒரு விடை சொன்னார்கள். பூர்வகுடி மக்கள் ஓரளவுக்காவது பயிர்ப்படுத்திய 85 மர வகைகளை எடுத்துக்கொண்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட காட்டுத் திட்டுகளின் மரக் கணக்கையும், 3,000-க்கு மேற்பட்ட பழங்காலக் குடியிருப்பு இடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மக்கள் பயிர்ப்படுத்திய மரம் மிகுதியாகப் பெருகியிருக்கும் வாய்ப்பு, மற்ற மரங்களைப்போல் 5 மடங்கு என்று தெரிந்தது. பழைய குடியிருப்புக்குப் பக்கத்துக் காட்டில் அந்த மரங்கள் அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைவு.

பிரேஸில் கொட்டை மரத்தைப் பாருங்கள். பனையைவிட மிக உயரமான மரம். பல நூறு ஆண்டுகள் வாழும். அதன் காய் தேங்காய் ஓடுபோல் கடினம். காட்டில் அதை உடைத்து விதையைப் புதைப்பது அகூட்டி என்ற சிறிய கொறிக்கும் பிராணிதான். அதுவும் அதிக தூரம் கொண்டு போகாது. இளங்கன்றுக்கு வெயில் வேண்டும். அடர்ந்த நிழலில் வளராது. விதையைத் தூரம் கொண்டு போனதும், வெயில் விழ இடம் திறந்துவிட்டதும் மனிதக் கைகள். பல இடங்களில் பிரேஸில் கொட்டைத் தோப்பு நிற்கிற இடத்தைத் தோண்டினால் பானை ஓடு கிடைக்கிறது. கொக்கோ, முந்திரி, அஸாயிப் பனை, ரப்பர் எல்லாம் மக்கள் கை பட்ட மரங்களின் பட்டியலில் உள்ளவை.

இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அந்த மக்களிடம் இரும்பு இல்லை. கல் கோடாலிதான். கல் கோடாலியால் ஒரு பெரிய மரத்தைச் சாய்க்க, இரும்புக் கோடாலியைப்போல் பல மடங்கு நேரமும் பாடும் ஆகும். ஆகவே காட்டை மொட்டையடித்து ஒரே பயிர் போடுவது அவர்களுக்குக் கட்டாது. வேண்டிய மரத்தை விட்டார்கள், வேண்டாததை நீக்கினார்கள், நடுவில் கிழங்கு வைத்தார்கள், சிறு நெருப்பு வைத்தார்கள், ஓரிடத்து மண்ணைத் தேற்றி அங்கேயே திரும்பத் திரும்பப் பயிரிட்டார்கள். இப்படித்தான் காடும் தோப்பும் ஒன்றாய்க் கலந்தன.

அகழியும் சாலையும்

பாதிரியார் சொன்ன ஊர்களும் வெளிப்பட்டன. குய்குரோ மக்களோடு சேர்ந்து ஹெக்கன்பெர்கர் என்ற ஆராய்ச்சியாளர் ஷிங்குப் பிரதேசத்தில் வேலை செய்தார். ஆழமான அகழி சூழ்ந்த ஊர்கள், ஊர்களை இணைத்த அகன்ற நேர்ச்சாலைகள், நடுவே பொதுத் திடல் எல்லாம் கண்டார்கள். கொலம்பஸ் வந்த காலத்தை ஒட்டியவை அவை. 2003-ல் வெளிவந்த அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் குய்குரோத் தலைவர் அஃபுகாகாவின் பெயரும் இருக்கிறது. தம் முன்னோரின் சரித்திரத்தில் அவரும் ஒரு ஆசிரியர்!

மரவள்ளி விளைந்ததாகச் சொன்னேனே, அந்த மோஹோஸ் சமவெளியில் ஆகாயத்திலிருந்து லேஸர் ஒளியைப் பாய்ச்சி, மரங்களுக்குக் கீழே உள்ள தரையின் மேடு பள்ளத்தைப் படமெடுத்தார்கள். 22 மீட்டர் உயர மண் கோபுரங்களும், வாய்க்கால்களும், உயர்த்திய பாதைகளும் தெரிந்தன. கி.பி. 500 முதல் 1400 வரை வாழ்ந்தவர்களின் வேலை அது. 2022-ல் இச்செய்தி வெளிவந்தது. ஈக்வடார் நாட்டின் உப்பானோப் பள்ளத்தாக்கில் 6,000-க்கு மேற்பட்ட மண் மேடைகளையும், அவற்றை இணைத்த சாலைகளையும் பற்றி 2024-ல் எழுதினார்கள். அவை சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியவை. மாட்டு வண்டி இல்லை, இரும்பு இல்லை. கூடை கூடையாக மண் சுமந்து கட்டியவை. மண் வெட்டிச் சுமந்தவர்களுக்கு அது எத்தனை ஆளின் வேலை என்று தெரியும்.

அவசரப்படக் கூடாது

இங்கே ஒரு எச்சரிக்கை. அமேஸான் முழுவதும் தோட்டம் என்று நாம் துள்ளிக் குதிக்கக் கூடாது. இந்தியாவைப்போல் இரண்டு மடங்கு பரப்பு அது. பெரிய ஆறுகளுக்குத் தொலைவில், மேற்கே பெரு நாட்டுப் பகுதியில் மண்ணைச் சோதித்து, பல ஆயிரம் ஆண்டுகளாக அங்கே மனிதக் கை அதிகம் படவில்லை என்று டாலொரஸ் பிபெர்னோ போன்ற விஞ்ஞானிகள் 2021-ல் காட்டினார்கள். எவ்வளவு பகுதியில், எந்த அளவுக்கு மாற்றினார்கள் என்பதில் விஞ்ஞானிகளிடையே வாதம் உண்டு. மாற்றினார்கள் என்பதில் வாதமில்லை.

மாட்டுப் பண்ணைக்காரர்கள் இந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, "பழங்கால மக்களும் காட்டை மாற்றினார்களல்லவா? நாங்களும் மாற்றுகிறோம்" என்று சொல்லக் கூடும். இதற்குப் பதில் பிரேஸிலின் மேற்குக் கோடியிலுள்ள ஆக்ரே மாநிலத்தில் இருக்கிறது.

ஆக்ரேயில் வட்டமாகவும் சதுரமாகவும் வெட்டிய பிரம்மாண்டமான அகழிகள் 450-க்கு மேல் கிடைத்திருக்கின்றன. ஆராய்ச்சியாளர் அவற்றை முதலில் கண்டது 1977-ல். எப்படித் தெரிந்தன? பண்ணைக்காரர்கள் மாடு மேய்க்கக் காட்டை அழித்ததால் தெரிந்தன. ஆனால் அகழி வெட்டிய மக்கள் அப்படி அழித்தார்களா? ஜெனிஃபர் வாட்லிங் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் அகழி ஓரத்து மண்ணைத் தோண்டி, பழைய செடிகள் விட்டுப்போன நுண்ணிய மணல் துகளையும் கரியையும் எடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் முடிவு சொன்னார்கள். அங்கே பல ஆயிரம் ஆண்டுகளாக மூங்கில் காடு இருந்தது. பெருமளவில் நீண்ட காலக் காடழிப்பு எப்போதும் நடக்கவில்லை. சிறு சிறு இடமாகத் திறந்தார்கள். மனிதர் புழங்கிய காலத்தில் பயனுள்ள பனை வகைகள் பெருகின. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேலை செய்தும் காடு மிஞ்சியது. பண்ணைக்காரர் வந்து சில பத்தாண்டுகளில் அது மேய்ச்சல் தரையாயிற்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்த முடியுமா?

காடு காலியானது எப்படி?

சரி, இவ்வளவு மக்கள் எங்கே போனார்கள்? கொலம்பஸ் காலத்தில் அமேஸானில் குறைந்தது 80 லட்சம் பேர் வாழ்ந்திருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. ஐரோப்பியரோடு பெரியம்மையும் தட்டம்மையும் வந்தன. அந்த மக்களின் உடம்புக்கு அந்நோய்கள் புதியவை. வெள்ளையன் முகத்தைப் பார்க்காத ஊரிலும் நோய் போய்ச் சேர்ந்தது. மிஞ்சியவர்களை அடிமை பிடிக்கும் கூட்டம் வேட்டையாடியது. பிழைத்தவர்கள் பெரிய ஆற்றங்கரைகளை விட்டு உள்காட்டுக்கு ஓடினார்கள். ஊர்களின் மேல் மரம் முளைத்தது. அடுத்து வந்த ஐரோப்பியர் அதைப் பார்த்து, "ஆதி முதல் இப்படித்தான்" என்று எழுதிவிட்டார்கள். முதலில் காலி செய்தார்கள். பிறகு காலி மனை என்று பெயர் வைத்தார்கள்.

அதன்பின் ரப்பர் வந்தது. பூட்டுமாயோ ஆற்றுப் பகுதியில், லண்டனில் பதிவான ஒரு கம்பெனி, உய்தோத்தோ, போரா முதலிய பூர்வகுடி மக்களைச் சவுக்கால் அடித்து, தொழுமரத்தில் மாட்டி, கொன்று, ரப்பர் பால் சேகரித்தது. ரோஜர் கேஸ்மென்ட் என்ற பிரிட்டிஷ் தூதர் 1910-ல் நேரில் போய் விசாரித்தார். அவரது அறிக்கை 1912-ல் வெளிவந்து உலகத்தை நடுங்க வைத்தது.

அதே ரப்பர் மரத்தின் விதைகள் சுமார் 70,000 பேரை, விக்ஹாம் என்ற ஆங்கிலேயன் 1876-ல் அமேஸானின் தபஜோஸ் ஆற்றுப் பகுதியிலிருந்து லண்டனுக்குக் கொண்டு போனான் என்று எண்ணிச் சொல்கிறார்கள். முளைத்த கன்றுகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் போயின. மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து அந்த மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்கள் யார்? கங்காணி கூட்டிக்கொண்டு போன நம் தமிழ்க் கூலி ஜனங்கள்தான். அமேஸான் மக்கள் பேணிய மரம், தமிழனின் முதுகை வளைத்து, லண்டன் முதலாளியின் பெட்டியை நிரப்பியது. சம்பந்தம் இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னேனே, அது இதுதான்.

கோடாலிக்கு முன்னால் நின்றவர்கள்

மறுபடியும் ஆக்ரேக்கு வருவோம். அங்கே ரப்பர் பால் எடுக்க வந்தவர்களில் பெரும்பாலோர் வறண்ட வடகிழக்கிலிருந்து வந்த ஏழைகள். முதலாளியின் கடையில் கடன். எவ்வளவு பால் கொடுத்தாலும் தீராத கடன். ஒரு காலத்தில் முதலாளிகள் அவர்களைப் பூர்வகுடி மக்களின் மேலேயே ஏவிவிட்டார்கள். ஆனால் 1970-களில் மாட்டுப் பண்ணைக்காரர்கள் வந்து காட்டைச் சாய்க்கத் தொடங்கியபோது, இருவருக்கும் எதிரி ஒருவனே என்று விளங்கிவிட்டது.

1976 முதல் ரப்பர் தொழிலாளர்கள் குழந்தை குட்டிகளோடு போய், மரம் அறுப்பவர்களின் முன்னால் வரிசையாக நின்றார்கள். "நீயும் கூலிக்காரன், நானும் கூலிக்காரன். இந்த மரம் போனால் எங்கள் சோறு போகும்" என்ற நியாயத்தைச் சொன்னார்கள். ஷாப்புரி ஊர்ச் சங்கத் தலைவர் சிக்கோ மென்டிஸ் இந்தப் போராட்டத்தை நடத்தினார். 1980-களில் ரப்பர் தொழிலாளர்களும் பூர்வகுடி மக்களும் 'காட்டு மக்கள் கூட்டணி' கண்டார்கள். 1988 டிசம்பர் 22 அன்று சிக்கோ மென்டிஸைத் தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். ஒரு பண்ணைக்காரனும் அவன் மகனும் 1990-ல் தண்டனை பெற்றார்கள். அதே 1990-ல் அவர் பெயரால் சுமார் 24 லட்சம் ஏக்கர் காடு ஒதுக்கப்பட்டது. அதில் மரத்தை அழிக்காமல் ரப்பரும் பிரேஸில் கொட்டையும் எடுத்து வாழத் தொழிலாளருக்கு உரிமை கிடைத்தது.

கோர்ட்டில் வந்த கேள்வி

பிரேஸிலின் 1988-ம் ஆண்டு அரசியல் சட்டம், பூர்வகுடி மக்களுக்கு அவர்களுடைய நிலத்தில் ஆதி உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது. பண்ணைக்காரர்கள் அதற்கு ஒரு முடிச்சுப் போட்டார்கள். "சட்டம் வந்த 1988 அக்டோபர் 5 அன்று நீ அந்த நிலத்தில் இருந்தாயா? இருந்தால் உரிமை; இல்லையேல் இல்லை" என்றார்கள். முன்பே அடித்துத் துரத்தப்பட்டவன் அன்று அங்கே எப்படி இருப்பான்?

இந்த வழக்கில் நின்றவர்கள் ஷோக்லெங் மக்கள். அமேஸானுக்கு வெகு தெற்கே, சான்டா கத்தரீனா மாநிலத்தில் வாழ்கிறவர்கள். வெள்ளைக் குடியேற்றத்துக்கு இடம் வேண்டுமென்று, கூலிக்கு அமர்த்திய கொலைகாரர்கள் அவர்களை வேட்டையாடிய சரித்திரம் உண்டு. ஷோக்லெங் மக்கள் தென் ஜே என்ற மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். அந்தக் குடும்பத்து முன்னோர்கள், கொட்டை தரும் அரௌக்காரியா மரக் காட்டை, அது தானாக வளராத இடங்களுக்கும் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பு பரப்பினார்கள் என்று 2018-ல் ஒரு ஆராய்ச்சி காட்டியது. காட்டை நட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் "நீ அன்று இங்கே இருந்தாயா?" என்று கேட்கிறார்கள்!

2023 செப்டம்பர் 21 அன்று பிரேஸில் சுப்ரீம் கோர்ட், 9 பேருக்கு 2 பேர் என்ற கணக்கில், அந்தத் தேதி வாதத்தைத் தள்ளியது. பெரும் பண்ணையார்களின் பலம் மிகுந்த பார்லிமென்ட், அதே ஆண்டு டிசம்பரில் அந்த வாதத்தையே சட்டமாக்கியது. ஜனாதிபதி போட்ட தடையையும் மீறி அதை நிறைவேற்றினார்கள். வழக்கும் கிளர்ச்சியும் அதன் பிறகும் தொடர்ந்தன.

தோழர்களே! பண்ணையார் நிலத்துக்குப் பத்திரம் காட்டுகிறான். காட்டு மக்களிடம் காகிதம் இல்லை. அவர்களிடம் இருப்பது கறுப்பு மண். வரிசையாய் நிற்கும் கொட்டை மரம். மரத்தடியில் கிடக்கும் பானை ஓடு. உழைப்பை மறைத்தால் உரிமையை மறைத்துவிடலாம். இது எல்லா ஊர் நிலப்பிரபுக்களுக்கும் தெரிந்த சூத்திரம். வரப்பு வெட்டியவன் பெயரும் ஏரி தூர்த்தவன் பெயரும் எந்தப் பத்திரத்திலும் ஏறுவதில்லை என்பதை உங்களைவிட யார் நன்றாக அறிவார்கள்?

ஆகவே இனி யாராவது உங்களிடம், "அது ஆளில்லாத நிலம், யாரும் உழைக்காத காடு" என்று சொன்னால், "தோண்டிப் பார்த்தாயா?" என்று கேளுங்கள்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். இனி நீங்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.